கொறங்காட்டைத் தரிசுக் கணக்கில் சேர்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தரிசு நிலங்களில் மரம் வளர்க்க வேண்டும் என்று வலியுறுத்தி உங்கள் நாளிதழில் அண்மையில் ஒரு கட்டுரை வந்தது. அதனுடன் வெளியான படத்தில் காய்ந்து வெளுத்த புல்தரை, தள்ளித் தள்ளி நிற்கும் வெள்வேல மரங்கள், ஓரத்தில் இலையில்லாத கிளுவை வேலி. 'பயனின்றிக் கிடக்கும் நிலம்' என்று அடியில் அச்சிட்டிருந்தீர்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் அதைத் தரிசு என்று சொல்ல மாட்டார்கள். அது கொறங்காடு, வேலியிட்டுக் காக்கும் மேய்ச்சல் நிலம். கிளுவை மொட்டையாக நிற்பதைப் பார்த்தால் கோடையில் எடுத்த படம் என்று தெரிகிறது. சோளம் அறுத்த காட்டைப் படமெடுத்து அதைப் பயனற்ற நிலம் என்று யாரும் எழுதுவதில்லை. புல்லுக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் கிடைப்பதில்லை என்ற மனத்தாங்கலில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் திருப்பூர் மாவட்டம் மூலனூர் பக்கம் ஆடு மாடு வளர்க்கும் குடும்பத்தைச் சேர்ந்தவள். பிறந்த வீட்டிலும் கொறங்காடு, புகுந்த வீட்டிலும் கொறங்காடு. மாமனார் பார்த்துவந்த நிலத்தை இப்போது என் மகனும் நானும் பார்க்கிறோம். குத்தகைக்குப் போய்ச் சீரழிந்து திரும்பி வந்த ஒரு துண்டை மறுபடியும் புல்லாக்கியிருக்கிறோம். அந்த உரிமையில் சில விஷயங்களைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

பிற மாவட்டத்து வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர், குண்டடம், அரவக்குறிச்சி என்று திருப்பூர், கரூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்கள் சேரும் இந்த மேட்டுப் பகுதி, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. ஆண்டு மழை 600 மில்லிமீட்டரைச் சுற்றியே. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றுதான் வரும். இந்த மழையை நம்பி ஆண்டுதோறும் உழுது விதைப்பதைவிட, ஒருமுறை விதைத்த புல்லைப் பல ஆண்டு காப்பாற்றி மேய்ப்பதே மேல் என்று முன்னோர்கள் கண்டார்கள். தரையில் கொழுக்கட்டைப் புல், மேலே வெள்வேல், சுற்றிலும் முள்கிளுவை வேலி. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கொறங்காடு. ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம் வேறு, இது வேறு. இது பட்டா நிலம். சில ஏக்கர் கொண்ட துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனி வேலியும் படலும் வைத்து, ஒன்றில் மேய்த்து மற்றவற்றுக்கு ஓய்வு கொடுப்பார்கள்.

மூன்றில் எது குறைந்தாலும் மற்ற இரண்டும் கெடும். வெள்வேல் கட்டி நிழலடிக்காது. இலை பொடியாக இருப்பதால் வெயில் இறங்கிப் புல்லுக்கு எட்டும். புல் காய்ந்து ஆடுகள் தவிக்கும் கோடையில் வெள்வேலங்காய் உதிரும். எங்கள் மேச்சேரி ஆடுகள் அந்தக் காயைத் தின்றுதான் கோடையைக் கடக்கின்றன. கிளுவை, மழைக்கு முன் போத்து (கிளைத் துண்டு) வெட்டி நெருக்கமாக நட்டால் வேர்பிடித்து உயிர்வேலியாகிவிடும். கம்பி வேலிக்குள் எதுவும் குடியிருக்காது. கிளுவை வேலிக்குள் கவுதாரி அடையும், கீரி ஓடும், ஓணான் ஏறும். ஆவாரையும் பிரண்டையும் அதன் அடியிலேயே வளரும்.

புல் என்றால் ஒரே புல் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். கார்த்திகையில் எங்கள் காட்டுக்குள் வந்து முழங்காலிட்டுப் பார்க்க வேண்டும். கொழுக்கட்டைப் புல்லின் தூருக்கிடையில் நரிப்பயறு கொடியோடியிருக்கும். மாடு அதைத் தேடித் தின்னும். கொழுஞ்சியை மாடு தொடாது, ஆனால் அதன் வேர்முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். ஈரம் நிற்கும் இடத்தில் அருகு, நடைபாதை ஓரத்தில் மயில்கொண்டைப் புல், சரளை மண்ணில் நீலப் பூ பூத்த விஷ்ணுகிரந்தி, தும்பை, துத்தி, நெருஞ்சி. பொங்கலுக்கு முந்தைய நாள் காப்புக் கட்ட ஆவாரம்பூவும் பூளைப்பூவும் பறித்துவர நாங்கள் போவதும் கொறங்காட்டுக்குத்தான். இப்போது சந்தையில் அதே காப்புக் கட்டை விலை கொடுத்து வாங்குகிறார்கள். பூளைப்பூ எந்த நிலத்தில் முளைத்து வருகிறது என்று வாங்குபவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆட்காட்டி வெறுந்தரையில் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும். அது கத்தத் தொடங்கினால் அந்தப் பக்கம் ஆடுகளை ஓட்டாமல் திருப்பிவிடுவோம். பனிக்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து இந்தியாவுக்கு வரும் பூனைப்பருந்துகள் மரத்தில் அடைவதில்லை. இரவில் திறந்த புல்வெளியில் தரையிலேயே தங்குகின்றன. அந்த இடத்தை மரக்கன்றால் நிரப்பினால் அவை எங்கே இறங்கும்?

கட்டுரையாளரின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் வனம் மற்றும் மரப் பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்த வேண்டும் என்கிறது. நல்ல நோக்கம். சாலையோரம், ஏரிக்கரை, பள்ளி வளாகம், கைவிட்ட கல்குவாரியைச் சுற்றி என்று மரம் நட இடம் நிறையவே இருக்கிறது. ஆனால் வெட்டவெளியாகத் தெரிகிற இடமெல்லாம் மரமிழந்த இடம் என்று எடுத்துக்கொள்வது தவறு. இந்தத் தவற்றின் விலையை நம் மாநிலம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. நீலகிரியின் உச்சியில் சோலைகளுக்கு இடையே பரந்து கிடந்த புல்வெளிகளை ஆங்கிலேய அதிகாரிகள் வெற்று நிலமாகவே பார்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஆஸ்திரேலியாவின் சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டசும் அங்கே நடப்பட்டன. விடுதலைக்குப் பிறகும் நடவு தொடர்ந்தது. சீகை தானாகவே பரவியது. வரையாட்டுக்கும் தோடர்களின் எருமைகளுக்கும் மேய்ச்சல் சுருங்கியது. இன்று வரையாட்டைக் காக்க அரசே திட்டம் தீட்டி, அந்தப் புல்வெளிகளை மீட்கும் வேலையில் இறங்கியிருக்கிறது. மலையில் செய்ததைத் திருத்திக்கொண்டிருக்கும் வேளையில், சமவெளியில் அதையே புதிதாகத் தொடங்க வேண்டுமா?

காற்றிலுள்ள கரியை (கார்பனை) மரம் ஈர்க்கிறது என்று கட்டுரை கூறுகிறது. உண்மைதான். புல்லும் ஈர்க்கிறது, அதைப் பெரும்பாலும் மண்ணுக்கடியில் வைக்கிறது. கொழுக்கட்டைப் புல்லின் வேர் ஒரு மீட்டருக்கும் கீழே இறங்கும். கிணறு வெட்டும்போது பக்கச் சுவரில் அந்த வேர்கள் தொங்குவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். கடும் வறட்சியில் மேலே எல்லாம் கருகினாலும் ஒரு மழைக்குத் தூரிலிருந்து அது தளிர்ப்பது அந்த வேரின் பலத்தால்தான். ஆழ உழுது மரம் வைப்பதற்காக அந்த வேரைப் பிடுங்கும்போது, மண்ணில் சேர்ந்திருந்த கரியும் வெளியேறுகிறது.

இனி, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராமத்தில் எழுதும் ஏடான அடங்கலுக்கு வருகிறேன். எங்கள் நிலத்தில் சோளம் போட்டால் சோளம் என்று எழுதுவார்கள். கொள்ளு போட்டால் கொள்ளு. புல் நிற்கிற துண்டுக்கு மட்டும் 'தரிசு'. வறட்சி வந்த ஓர் ஆண்டில் நிவாரணம் கேட்டுப் போனபோது, பயிரே இல்லாத நிலத்துக்கு என்ன நிவாரணம் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஆடுகளை விற்றுத் தீவனம் வாங்கினோம். அந்த அலுவலரிடம் எனக்குக் கோபமில்லை. அவர் கையிலிருந்த ஏட்டில் எங்கள் புல்லுக்கு இடமில்லை. தரிசு என்று எழுதப்பட்ட நிலத்தைத்தான் சூரிய மின் பண்ணைக்குக் குத்தகை பேச வருகிறவர்களும், மனை பிரிக்க வருகிறவர்களும் தேடி வருகிறார்கள். சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கொறங்காட்டைத் தட்டையாக்கிக் கிளுவையை வேரோடு பெயர்த்துத் தகடுகளை நட்டுவிட்டால், குத்தகை முடியும் இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நிலத்தில் என்ன இருக்கும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியாவது இருக்க வேண்டாமா?

கெட்டுப்போன கொறங்காட்டைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். முடியும். காசு அதிகம் வேண்டியதில்லை, பொறுமைதான் வேண்டும். எங்களுக்குத் திரும்பி வந்த துண்டில் பாதிக்கு மேல் சீமைக் கருவேலமும் மீதியில் பார்த்தீனியமும் இருந்தன. சீமைக் கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் நான்கு கிளையாக எழும்பும். மொட்டுகள் மண்ணுக்குச் சற்றுக் கீழேயும் இருப்பதால், அந்தக் கழுத்துப் பகுதியைச் சேர்த்துத் தோண்டி எடுக்க வேண்டும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது கடப்பாரை போதும். பெரிய மரத்துக்கு இயந்திரம் வைத்தோம். ஆனால் காடு முழுவதையும் புரட்டிப்போட விடவில்லை. மண்ணைக் கிளறிய இடத்தில்தான் பார்த்தீனியம் முதலில் முளைக்கிறது. அதைப் பூப்பதற்கு முன், கையுறை போட்டு வேரோடு பிடுங்கினோம். சீமைக் கருவேலங்காயைத் தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை உடையாமல் வெளிவந்து முளைக்கும் என்பதால், வேறிடத்தில் மேய்ந்துவந்த ஆடுகளைச் சில நாள் பட்டியில் அடைத்துத் தீவனம் போட்ட பிறகுதான் இந்தத் துண்டுக்குள் விட்டோம். இதைச் செய்யாமல் களை எடுத்துக்கொண்டே இருந்தால் வேலை ஓயாது.

அடுத்தது விதை. கொழுக்கட்டைப் புல்லின் கதிர் பழுத்ததும் வைக்கோல் நிறமாகும். கதிரின் அடியில் இரு விரல்களை வைத்து மேல்நோக்கி உருவினால், முற்றிய விதை மட்டும் கழன்று கைக்குள் வரும். முற்றாதது காம்பிலேயே நிற்கும். இழுத்துப் பிடுங்கக் கூடாது. விதையைச் சுற்றி மெல்லிய சுணை இருப்பதால் சேலையில் ஒட்டிக்கொண்டு உதறினாலும் போகாது. மடியில் சேர்த்துக்கொண்டு வந்து நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டி வைப்போம். எடுத்த விதையை உடனே விதைத்தால் சரியாக முளைக்காது. அதற்கு உறக்கம் உண்டு. ஒரு கோடையைக் கடந்த விதைதான் நன்றாக வரும். விதை பஞ்சாக இருப்பதால் தனியாக வீசினால் காற்று கொண்டுபோய்விடும். ஈர மணலோடு பிசைந்து, புரட்டாசி மழைக்குத் தரை நனைந்ததும் வீசுவோம். வீசிய பின் ஒரு வேல முள்ளை வெட்டித் தரையில் இழுத்துவிட்டால் போதும். விரற்கடைக்குக் கீழே புதைந்த விதை மேலே வருவதில்லை என்பதால் கலப்பை வேண்டாம்.

முதல் ஆண்டு ஒரு வாய் கூட மேய விடக் கூடாது. இதுதான் எல்லாவற்றிலும் கடினம். பக்கத்துத் துண்டில் ஆடு பசியோடு நிற்கும். இந்தப் பக்கம் புல் பச்சையாக நிற்கும். படலைத் திறக்க மனம் துடிக்கும். ஆனால் அந்தப் புல் ஒருமுறையாவது கதிர் தள்ளி விதை உதிர்த்தால்தான் தரை பிடிக்கும். அதன் பிறகும் மாட்டை முதலில் விட்டு, ஆட்டைப் பின்னால் விட வேண்டும். மாடு உயர்ந்த புல்லை நாக்கால் வளைத்துத் தின்னும். ஆடு அடிப்புல்லை நறுக்கித் தின்னும். நான்கு விரல் உயரத்துக்குப் புல் குறைந்ததும் மந்தையை அடுத்த துண்டுக்கு மாற்றிவிட வேண்டும். நாங்கள் எந்தக் கணக்கேட்டிலும் எழுதி வைத்ததில்லை. என் மாமனார் வேலியோரம் நடந்துபோய்க் கைவைத்துப் பார்த்தே முடிவு செய்வார். என் மகனும் அப்படியே பழகியிருக்கிறான்.

யூரியா போட்டால் சீக்கிரம் தழைக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. தழைக்கும். கூடவே சிறு செடிகள் ஒவ்வொன்றாக மறையும். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஒரு புல்வெளியைத் துண்டுகளாகப் பிரித்து 1856 முதல் இன்றுவரை உரச் சோதனை நடக்கிறது. உரமே போடாத துண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட செடிவகைகள் இருக்கின்றன. அமோனியம் சல்பேட் தொடர்ந்து போட்ட துண்டுகளில் இரண்டு மூன்றுதான் மிஞ்சியிருக்கின்றன. தழைச்சத்தை விரைவாக உண்ணும் ஒன்றிரண்டு புற்கள் உயர்ந்து மற்றவற்றின் வெளிச்சத்தை மறைத்துவிடுகின்றன. அந்த நாட்டில் 1930களுக்குப் பிறகு பூச்செடிகள் நிறைந்த பழைய வைக்கோல் புல்வெளிகளில் 97 விழுக்காடு உழவாலும் உரத்தாலும் அழிந்துபோயின. இப்போது அவற்றை மீட்பதற்கு, நல்ல நிலையில் இருக்கும் பக்கத்துப் புல்வெளியில் விதை முற்றும் வேளையில் புல்லை அறுத்து, ஈரம் காயாமல் அன்றே கொண்டுபோய்க் கெட்ட நிலத்தில் பரப்புகிறார்கள். இதைப் படித்தபோது நம் வேலையும் இதுதான் என்று தோன்றியது. பக்கத்திலேயே நல்ல காடு ஒன்று மிஞ்சியிருந்தால்தான் கெட்ட காட்டைத் திருப்ப முடியும். இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் பிறகு எங்கிருந்து விதை எடுப்பது?

2017 தை மாதத்தில் நாட்டு மாட்டுக்காக இளைஞர்கள் மெரினாவில் திரண்டார்கள். காங்கேயம் காளையின் படம் இல்லாத வீதி அன்று இல்லை. எங்களுக்கெல்லாம் பெருமையாக இருந்தது. செந்நிறத்தில் பிறந்து ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும் அந்தக் கன்று எந்தப் புல்லைத் தின்று வளர்கிறது என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அந்த இனத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்தது வரலாறு. அந்த வளர்ப்புக்குப் பின்னால் இருந்தது கொறங்காடு. கண்ணபுரம் சந்தைக்கு மாடு பார்க்க வருகிறவர்கள் திமிலையும் கொம்பையும் பார்க்கிறார்கள். கொறங்காடு போய்விட்டால் இந்த மாடு கட்டுத்தறியில் அடர்தீவனம் தின்னும் காட்சிப் பொருளாகிவிடும்; வளர்ப்பவர்களுக்குக் கட்டுபடியாகாமல் பிறகு அதுவும் நிற்காது.

ஐக்கிய நாடுகள் சபை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக அறிவித்தது. அதையொட்டி நம் அரசு செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிக்காதவை. அடங்கலில் கொறங்காட்டைத் தனிப் பயிராகப் பதிவு செய்ய வேண்டும். பதிவு இருந்தால் நிவாரணத்துக்கும் கடனுக்கும் வழி பிறக்கும். எந்த ஊரில் எவ்வளவு கொறங்காடு மிஞ்சியிருக்கிறது என்ற கணக்கும் அரசிடம் சேரும். மரம் நடும் திட்டங்களில் கன்று வைப்பதற்கு முன், அது மேய்ச்சல் நிலமா என்று உள்ளூர்க்காரர்களைக் கேட்க வேண்டும். கம்பி வேலிக்குப் பதிலாகக் கிளுவைப் போத்து நடுகிறவர்களுக்குக் கூலியில் பாதியையாவது வேலை உறுதித் திட்டம் போன்ற ஒன்றிலிருந்து கொடுக்கலாம். போத்து வெட்டி நடத் தெரிந்தவர்கள் இன்றும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், பலருக்கு வயதாகிவிட்டது.

நகரத்தில் குடியேறிவிட்ட நில உரிமையாளர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். கொறங்காட்டை ஆண்டுக் குத்தகைக்கு விடுகிறீர்கள். அடுத்த ஆண்டு தனக்குக் கிடைக்குமா என்று தெரியாத குத்தகைக்காரர், கொடுத்த பணத்துக்குப் புல்லின் தூர்வரை மேய்த்துவிட்டுத்தான் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்து விடுங்கள். மழைக்குப் பின் கதிர் முற்றும்வரை ஒரு துண்டையாவது மூடி வைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். குத்தகைப் பணம் சற்றுக் குறையலாம். நிலம் உங்கள் பிள்ளைகளுக்கு நிலமாகவே இருக்கும்.

இந்தக் கடிதத்தைப் புரட்டாசி மழைக்கு முன் வெளியிட்டால் உதவியாக இருக்கும். எங்களிடம் கோடையைக் கடந்த கொழுக்கட்டைப் புல் விதை சில சாக்குகள் இருக்கின்றன. கொறங்காட்டைத் திருப்ப நினைக்கும் விவசாயிகள் உங்கள் அலுவலகத்துக்கு எழுதினால், ஒரு துண்டு நிலத்துக்கு வேண்டிய விதையை விலை வாங்காமல் தருகிறோம். விளைந்த பிறகு அதே அளவு விதையை அவர்கள் பக்கத்திலேயே இன்னொருவருக்குக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
கால்நடை வளர்க்கும் ஒரு வாசகி,
மூலனூர், திருப்பூர் மாவட்டம்